‘வலிக்கலப்பா’

என் மகளுக்கு வாய் முழுவதும் புண்ணாகிக் கிடந்த நாட்களில் அவள் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் “வலிக்கலப்பா” என்றாள். மூன்றாம் நாளிலிருந்து அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தாள். எச்சிலை விழுங்க முடியாமல், கன்னத்துக்கு அடியில் மடித்து வைத்த துண்டில் வழியவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஏழு வயதுக் குழந்தையின் அந்தப் பதிலை நான் இரண்டு நாள் முழுதாக நம்பினேன். பாப்பா சமர்த்தாக இருக்கிறாள் என்று ஊருக்குப் போன் செய்து சொல்லவும் செய்தேன்.

சில மாதங்கள் கழித்து, எல்லாம் ஆறிய பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “வலிக்குதுன்னு சொன்னா சிஸ்டர் வாய் கழுவ வருவாங்க. வீட்டுக்கும் விடமாட்டாங்கல்ல?” என்றாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான கணக்கு. வலியைச் சொன்னால் வலி குறையும் என்று அதுவரை நாங்கள் யாரும் அவளுக்கு ஒரு முறையாவது காட்டியிருக்கவில்லை. கீமோவில் வரும் வாய்ப்புண்ணைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்தப் பதில்தான் காரணம். நான் மருத்துவன் அல்லன். மானாமதுரைப் பக்கத்தைச் சேர்ந்த, அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் ஆள். கைக்குழந்தையோடு மனைவி ஊரில் இருக்க வேண்டியிருந்ததால், சென்னையில் வார்டில் உடன் தங்கியவன் நான்.

அவளுக்கு வந்தது ஏ.எல்.எல். என்று வார்டில் எல்லோரும் சொல்லும் ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதுவே மிகுதி. முதல் கட்டங்கள் முடிந்து நோய் அடங்கிய பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று, மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை மிக அதிக அளவில் ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். பளிச்சென்ற மஞ்சள் நிற மருந்து. வெளிச்சம் படாமல் உறை போட்டு 24 மணி நேரம் ஏற்றுவார்கள். அதற்கு முன்பே குளுக்கோஸ் பாட்டிலும் சோடியம் பைகார்பனேட்டும் ஓடத் தொடங்கிவிடும். குழந்தை சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்த்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7க்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். மருந்து தொடங்கிய 42ஆம் மணியிலிருந்து நல்ல செல்களைக் காப்பாற்ற லூக்கோவோரின் என்ற மீட்பு மருந்து தருவார்கள். இடையிடையே ரத்தம் எடுத்து, உடம்பில் மெத்தோட்ரெக்சேட் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இதையெல்லாம் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வேலை என்று மட்டும்தான் நான் அப்போது நினைத்திருந்தேன். மருந்து உடம்பில் தேவைக்கு மேல் தங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாய்தான் விலை கொடுக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. தூக்கக் கலக்கத்தில் நான் இரண்டு முறை பட்டை நனைக்காமல் விட்டேன். அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் அது இன்னும் உறுத்துகிறது. முதல் சுற்றில் அவளுக்கு அளவு மெதுவாகத்தான் இறங்கியது. ஐந்தாம் நாள் கீழுதட்டின் உட்புறம் செக்கச் சிவந்தது; ஏழாம் நாள் நாக்கின் இரு ஓரங்களிலும் கன்னத்தின் உள்ளேயும் தோல் உரிந்து, வெளிறிய மஞ்சள் படலம் மூடிய புண்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன.

வாயின் உள்தோல் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கும் மருந்துக்கு, புற்றுச் செல்லும் உதட்டின் உட்புறச் செல்லும் ஒன்றுதான். பழைய தோல் தேய்ந்து உதிரும்போது அடியிலிருந்து புதுத் தோல் வராது. அதே நாட்களில் வெள்ளை அணுக்களும் இறங்கிவிடும் என்பதால், திறந்த புண்ணில் கிருமி புகுந்தால் தடுக்க ஆள் இருக்காது. கவுண்ட், அதாவது அந்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறத் தொடங்கினால் புண்ணும் ஆறத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும். ஆகவே புண்ணை ஆற்றுகிற வேலை உடம்பினுடையது. ஆறும்வரை வலியைத் தாங்கக்கூடியதாக வைத்திருப்பதும், குழந்தையின் வயிறு காயாமல் பார்ப்பதும், கிருமி நுழையாமல் காப்பதும்தான் நம் பங்கு.

ஊரில் வாய்ப்புண் என்றால் முதலில் வருவது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. என் சித்தப்பா மெடிக்கல் ஷாப்பில் ஓர் அட்டை வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்துச் சென்னைக்கே வந்துவிட்டார். நல்லவேளையாகக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டினேன். அந்த மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டின் வேலையே ஃபோலிக் அமிலத்தின் வழியை அடைப்பதுதான். அடைக்கிற மருந்தை ஒரு பக்கம் ஏற்றிவிட்டு, மறு பக்கம் திறக்கிற மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. லூக்கோவோரினும் அந்த வகையைச் சேர்ந்ததுதானே என்று கேட்டேன். அதனால்தான் அதை மணி பார்த்து, அளவு பார்த்து, மருந்து தன் வேலையை முடித்த பிறகு தருகிறோம் என்றார்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது; வார்டின் நீண்ட இரவுகளில் படித்தது. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த வரிசையைச் சேர்ந்த அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 1948இல் அறிவித்தார். அதற்கு முன் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த முதல் அறிக்கையிலேயே வாய்ப்புண் பக்கவிளைவாகப் பதிவாகியிருக்கிறது. என் மகளின் நாக்கில் இருந்த புண்ணுக்கு அந்த மருந்து வரிசையின் வயதேதான்.

வாயைப் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. செல்போன் வெளிச்சத்தில், உதட்டை மெல்ல மடித்து, நாக்கை இடமும் வலமும் நீட்டச் சொல்லி, அடிப்புறம், கன்னம், மேலண்ணம் என்று தினமும் ஒரே வரிசையில் பார்க்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் தர அளவு எளியது: சிவப்பும் எரிச்சலும் மட்டும் என்றால் 1, புண் இருந்தும் கெட்டியான உணவு இறங்கினால் 2, நீராகாரம் மட்டும் இறங்கினால் 3, வாய்வழியாக எதுவுமே இறங்காவிட்டால் 4. தயிர் ஏடு போன்ற வெள்ளைப் படிவு தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். உதட்டோரத்தில் சிறு கொப்புளங்கள் கொத்தாக வந்தால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். இரண்டுக்கும் தனி மருந்து உண்டு. வலி மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அவை அடங்கா.

ஆனால் இந்த அளவு புண்ணை அளக்கிறது. வலியை அளப்பதற்கு வேறொன்று வேண்டும். எங்கள் வார்டுச் சுவரில் ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டை ஒட்டியிருந்தது. சிரிக்கும் முகம் 0. அங்கிருந்து 2, 4, 6, 8 என்று வாய் கோணிக்கொண்டே போய், கண்ணீர் விடும் முகம் 10. 1980களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவில் தீக்காயப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்காக டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர் உருவாக்கியது. முதல் சுற்றில் பணியில் இருந்த ஒரு செவிலியர் வாசலில் நின்றபடியே என் மகளின் முகத்தையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்து “ரெண்டு” என்று எழுதிவிட்டுப் போனார். அப்படிப் பயன்படுத்துவதற்கு அந்த அட்டை வரையப்படவில்லை. குழந்தையின் கையில் கொடுத்து, உனக்குள்ளே எந்த முகம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் சரியாகத் தொட்டுக் காட்டிவிடுவார்கள். அசையாமல், அழாமல் கிடக்கும் குழந்தைக்கு உள்ளே 8 இருக்கலாம். அசைந்தால் வலிக்கும் என்பதால்தான் அது அசையாமல் கிடக்கிறது. எட்டாம் நாள் காலையில் மூத்த டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அட்டையை நீட்டியபோது என் மகள் வெகுநேரம் யோசித்துவிட்டு எட்டாம் எண் முகத்தைத் தொட்டாள்.

அதற்கு முந்தைய இரவை நான் சொல்லாமல் விடக்கூடாது. பாராசிட்டமால் டிரிப் போட்டும் அவள் தூங்கவில்லை. இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டரிடம் வேறு ஏதாவது தர முடியுமா என்று கேட்டேன். அடுத்தது மார்ஃபின்தான், வாய்ப்புண்ணுக்கெல்லாம் அது எதற்கு, காலையில் பார்க்கலாம் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மார்ஃபின் என்ற சொல்லே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கடைசிக் கட்டத்தில் கொடுப்பது, ஒருமுறை பழகினால் விடாது என்று அவரைப் போலவே நானும் நினைத்திருந்தேன். எங்கள் இருவருடைய பயத்துக்கும் நடுவில் ஓர் இரவு முழுவதும் அவள் விழித்துக் கிடந்தாள்.

குழந்தைகளின் தொடர் வலிக்கு உலக சுகாதார அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டே படிகள்தான் இருந்தன: லேசான வலிக்குப் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ, அதற்கு மேல் போனால் மார்ஃபின் போன்ற மருந்து. கீமோவில் இருக்கும் குழந்தைக்கு முதல் படியிலும் பாதிதான் மிச்சம். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் ரத்தம் உறைவதைக் கெடுப்பவை. மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதையும் தாமதப்படுத்துபவை. பாராசிட்டமாலையும் காய்ச்சல் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. கவுண்ட் இறங்கிய நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். வலிக்கென்று கொடுத்த மாத்திரை அந்தக் காய்ச்சலை மறைத்துவிடும். விழுங்கவே முடியாத புண்ணுக்கு மார்ஃபின் கொடுப்பது விதிவிலக்கு அல்ல, வழக்கம்.

மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்தோடு அபினி விளைகிற நாடு இது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மார்ஃபினை வாங்கி வைப்பதே பெரும்பாடாகிப் பல மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்ளாமலே இருந்துவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பயன்படுத்த வழி செய்தார்கள். சட்டம் இளகிவிட்டது, பயம்தான் இன்னும் இளகவில்லை.

எடைக்கு ஏற்ற அளவைக் கணக்கிட்டு சிரிஞ்ச் பம்பில் போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் துண்டை விலக்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கூடவே எதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள்: எழுப்பினால் எழுகிறாளா, மூச்சு மிக மெதுவாகிறதா, அரிப்பு இருக்கிறதா, வாந்தி வருகிறதா. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் முதல் நாளே அதற்கும் மருந்து தொடங்கிவிட்டார்கள். கவுண்ட் குறைந்த குழந்தைக்கு ஆசனவாய் வழியாக எனிமாவோ மருந்தோ வைக்கக் கூடாது என்பதால், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. ஆறு நாள் கழித்துப் புண் ஆறத் தொடங்கியதும் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அவள் அதை ஒரு நாளும் கேட்கவில்லை.

மற்றவை எல்லாம் மார்ஃபினுக்குப் பக்கத்தில் நிற்பவைதான். அதற்காக அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. வாய் கொப்பளிக்கும் நீரை வார்டுத் தாய்மார்கள் எல்லோரும் ஒரே மாதிரி கலப்பார்கள்: ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி அளவுக்குக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் அரைக்கால் டீஸ்பூன் உப்பும். கொப்பளித்துத் துப்பிய பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். இது புண்ணை ஆற்றும் மருந்து அல்ல. கெட்டியான எச்சிலையும் உணவுத் துணுக்கையும் நீக்கி வாயை ஈரமாக வைக்கிறது. கடையில் விற்கும் மவுத்வாஷ்களில் ஆல்கஹால் இருந்தால் நெருப்பை ஊற்றியதுபோல எரியும். துப்பத் தெரியாத குழந்தைகளுக்குச் சுத்தமான மெல்லிய துணியை நனைத்து விரலில் சுற்றித் துடைத்துவிடுவார்கள். பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மிக மென்மையான பிரஷ் போதும், வெந்நீரில் நனைத்தால் இன்னும் இளகும்.

மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் குழம்பில்தான் நான் பெரிய தவறு செய்தேன். சாப்பிட வைப்பதற்காகத்தானே என்று, கஞ்சி கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன் வாய் முழுவதும் தடவினேன். தொண்டையும் சேர்ந்து மரத்துப்போய்க் கஞ்சி புரையேறிவிட்டது. போதாததற்கு, கன்னத்தைக் கடித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தடவினால் ஒரு மணி நேரம் வாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று பிறகு சொன்னார்கள். அதிகம் விழுங்கினால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரும் அபாயமும் உண்டு. எவ்வளவு, எங்கே, எத்தனை முறை என்று டாக்டர் சொன்னால் மட்டுமே தொட வேண்டிய பொருள். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்கும் களிம்புகளில் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட் கலந்தவை உண்டு, அவையும் வேண்டாம்.

ஐஸ் கட்டியைப் பற்றி அரைகுறையாகப் படித்துவிட்டு, முதல் சுற்றில் மருந்து ஓடிய பகல் முழுவதும் அவள் வாயில் ஐஸ் வைத்து உதட்டை வெடிக்க வைத்தேன். மருந்து ஏறும்போது வாயைக் குளிர வைத்தால் ரத்த நாளங்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகச் சேரும் என்பது உண்மைதான். குழந்தைகளுக்கென்று 2021இல் புதுப்பித்த சர்வதேச வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் மெல்ஃபலான் போலக் குறுகிய நேரத்தில் ஏற்றி முடிக்கும் மருந்துகளுக்கு, சொன்னால் கேட்கும் வயதுள்ள பிள்ளைகளுக்கு. 24 மணி நேரம் ஓடும் மருந்துக்கு அது பொருந்தாது. புண் வந்த பிறகு, காய்ச்சி ஆறிய நீரில் செய்த ஐஸைச் சப்பினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அது தனி.

என் அம்மா, அவளுக்கு அப்பத்தா, உடம்புச் சூடுதான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். மாசிக்காயை உரைத்துத் தடவச் சொன்னார்; திறந்த புண்ணில், கவுண்ட் இல்லாத நேரத்தில் அது கூடாது என்று மறுத்துவிட்டேன். தேனுக்கும் ஆசைப்பட்டார். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கம் பெறுபவர்களுக்குத் தேன் உதவலாம் என்று 2020இல் வந்த ஒரு வழிகாட்டுதலே சொல்கிறது; எங்கள் டாக்டர், காய்ச்சாத தேன் இப்போது வேண்டாம் என்றார். மணத்தக்காளிக் கீரையை மட்டும் தடுக்கவில்லை: காரமில்லாமல் குழைய வேகவைத்து, வடிகட்டி, புதிதாகக் காய்ச்சிய தேங்காய்ப் பாலில் கலந்து ஆறவைத்துக் கொடுத்தால் இறங்கியது. அம்மாவுக்கு அது வைத்தியம். எனக்கு அன்றைய கணக்கில் நூறு மில்லி. சூடாக எதுவும் கூடாது, புளிப்பு கூடாது, முறுக்கு அப்பளம் போலக் கீறுவது கூடாது. மார்ஃபின் கொடுத்த அரை மணி நேரத்துக்குப் பிறகு வாய் கழுவுவது, பிறகு சாப்பாடு என்று வரிசையை மாற்றியதுதான் சாப்பாட்டில் எங்களுக்குக் கிடைத்த பெரிய திருப்பம்.

புண் ஆறக் காத்திருந்ததில் இரண்டாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் அவளுடைய ஆடும் பால்பல்லைப் பல் மருத்துவர் பார்த்தார். பிளேட்லெட் போதுமான அளவு இருந்த ஒரு நாளில் எடுத்தும் விட்டார். முகங்களின் அட்டையை நகலெடுத்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தோம். வலி இல்லாத நாளிலும் காலையும் மாலையும் அவளே தொட்டுக் காட்ட, நான் நோட்டில் எழுதினேன். சொன்ன எண்ணுக்கு ஏற்ப ஏதாவது செய்தே தீர வேண்டும், செய்யாவிட்டால் அவள் மறுபடி சொல்லமாட்டாள் என்று நானும் சிஸ்டர்களும் பேசி வைத்துக்கொண்டோம். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் மருந்து வேகமாக வெளியேறியது. உதடு சிவந்ததோடு சரி. நான்காம் சுற்றில் மறுபடி புண் வந்தது. ஆறாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு யாரோ என் தோளைத் தட்டினார்கள். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து குனிந்து, இருட்டில் அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆறு. சிஸ்டர்ட்ட சொல்லுப்பா.”